87-ல் ஒரு பங்கு பெயிண்டர்

மாடல் ரயில் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினர் ரயிலை ஓட்டுவார்கள். அவர்கள் வேளைக்குச் சாப்பிடுவார்கள், ராத்திரி தூங்குவார்கள், மனைவியிடம் மற்ற விஷயங்களும் பேசுவார்கள். இரண்டாம் வகையினர் ரயிலுக்குப் பெயிண்ட் அடித்து, எழுத்து ஒட்டுவார்கள். அவர்களுடைய ரயில் ஓடவே ஓடாது. எப்போது போய்ப் பார்த்தாலும் ஏதாவது ஒரு பக்கம் காய்ந்துகொண்டிருக்கும். நான் இரண்டாம் வகை.

என்னுடையவை எச்.ஓ. அளவு ரயில்கள், நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்த பழைய பெட்டியின் நீளம் 21 மீட்டரும் கொஞ்சமும். என் மேஜையில் அது இருபத்து நாலரை சென்டிமீட்டர். இதுவரை கணக்கு சுகமாகத்தான் போகும். தண்டவாளத்துக்கு வந்தால்தான் தகராறு. எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் 1,435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜ் வரும். நம்முடைய அகலப்பாதையோ 1,676. ஆக, என் வீட்டுப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் நிற்பது, சட்டப்படி பார்த்தால், சென்னை மெட்ரோ ரயிலின் தண்டவாளத்தில். இந்த 24 சென்டிமீட்டர் புளுகைப் பற்றி வீட்டுக்கு வந்தவர் யாரும் வாயைத் திறந்ததில்லை. ஆனால் பெட்டியின் நம்பர் ஒரு இழை சாய்ந்திருக்கட்டும், காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிடுவார்கள்.

நிறத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் சண்டையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஐ.சி.எஃப். பெட்டிகள் நெடுங்காலம் செங்காவி நிறத்தில் ஓடின. தொண்ணூறுகளில் ஏர் பிரேக் பெட்டிகளோடு நீலம் வந்தது. நீலத்தில் யாருக்கும் கருத்து இல்லை. செங்காவியில் கருத்து இல்லாத தமிழரே இல்லை. அவரவர் கோடை விடுமுறைக்கு எந்த வண்டியில் ஊருக்குப் போனார்களோ, அந்த வண்டியின் நிறம்தான் சரியான நிறம். நான் அடித்தது ‘ரொம்பச் சிவப்பு’ என்றார் அடுத்த வீட்டுக்காரர். ‘சிவப்பே பத்தலை’ என்றார் அவருடைய தம்பி. இருவரும் ஒரே வண்டியில் ஒரே ஊருக்குப் போனவர்கள். என் தங்கை தன் கல்யாணத்து அரக்குப் புடவையைப் பீரோவிலிருந்து எடுத்துவந்து பெட்டியின் பக்கத்தில் பிடித்து, “இந்தக் கலர்தான்” என்று முடித்துவிட்டாள்.

இந்த விவகாரங்களுக்கெல்லாம் எங்கள் வீட்டில் உச்ச நீதிமன்றம் ஒன்று உண்டு. என் மாமனார். பெரம்பூர் கேரியேஜ் வொர்க்ஸின் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிறத்துக்குப் பெயர் சொல்வது அவருக்குப் பிடிக்காது. இந்தியத் தர நிர்ணயத்தில் ‘ஐ.எஸ். 5’ என்று பெயிண்ட் நிறங்களுக்கான பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண். சிக்னல் சிவப்பு 537. தபால்பெட்டிச் சிவப்பு 538. “ரெண்டும் பக்கத்துப் பக்கத்து நம்பர்தானே மாமா, மாத்தி அடிச்சா என்ன?” என்று கேட்டேன். “பக்கத்து வீடுங்கறதுக்காகச் சாவியைக் கொடுத்துடுவீங்களா மாப்பிள்ளை?” என்றார்.

அவரிடம் ஒரே ஒரு முறை அறிவியல் பேசினேன். மாடலை ஒரு மீட்டர் தூரத்தில் நின்று பார்ப்பது, நிஜ ரயிலை 87 மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் நடுவே இருக்கும் காற்றும் வெளிச்சமும் நிறத்தை வெளிறச் செய்துவிடும். அதனால் விவரம் தெரிந்த மாடல்காரர்கள் நிஜ பெயிண்டில் கொஞ்சம் வெள்ளை கலந்துதான் அடிப்பார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “நீங்க சரியான கலரையே அடிங்க மாப்பிள்ளை. நான் தள்ளி நின்னு பாத்துக்கறேன்.”

அடுத்தது பூச்சு. தூரிகையால் ஒரு கோட் அடித்தால் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கனம் வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 87-ஆல் பெருக்கினால் நிஜப் பெட்டியின் மேல் கிட்டத்தட்ட ஒன்பது மில்லிமீட்டர். அதற்குப் பெயிண்டர் தேவையில்லை, கொத்தனார் தேவை. ஆகவே ஏர்பிரஷ். பேனா அளவில் ஒரு துப்பாக்கி, அதற்கு ஒரு சின்ன கம்ப்ரஸர். பெயிண்டைப் பால் பதத்துக்குத் தின்னர் விட்டுக் கரைத்து, மெல்லிசாகப் பல கோட். தூசி படியக்கூடாது என்பதால் ஃபேன் போடக்கூடாது. நெடி போக ஜன்னலைத் திறக்க வேண்டும். திறந்தால் தூசி வரும். மழைக்காலத்தில் அடித்தால் காற்றில் உள்ள ஈரம் சேர்ந்து பெயிண்ட் பால்போல் வெளுத்துவிடும் என்பதால் இந்த வேலைக்குச் சென்னையில் உகந்த காலம் சித்திரை, வைகாசி. அக்னி நட்சத்திரத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு ரயில் காய்வதற்காக ஒரு குடும்பமே ஹாலில் காய்வதை எங்கள் வீட்டில் பார்க்கலாம்.

நீலப் பெட்டிக்கு ஜன்னல் வரிசையில் வெளிர் நீலப் பட்டை வர வேண்டும். வெளிர் நிறத்தை முதலில் அடித்து, அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அடர்ந்த நீலத்தைப் பிறகு அடிக்க வேண்டும் என்பது விதி. நடுவில் முதல் கோட் முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும். காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்தால் ரேகை பதிந்துவிடும். அதனால் முகர்ந்து பார்ப்போம். எனாமல் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். காலையில் பல் தேய்ப்பதற்கு முன் ஒரு மனிதன் பூஜையறைப் பக்கம்கூடத் திரும்பாமல் நேராகப் போய் ஒரு ஸ்லீப்பர் கோச்சை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடி ஆழ்ந்து மூச்சிழுப்பதை வேலைக்காரம்மா பார்த்துவிட்டார். அன்றிலிருந்து என் அறையைப் பெருக்குவதென்றால் கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் பெருக்குகிறார்.

இனி எழுத்து.

ஒரு நிஜப் பெட்டியில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று பிளாட்பாரத்தில் நிற்கும்போது நாம் கவனிப்பதே இல்லை. பெட்டியில் ரிசர்வேஷன் சார்ட் ஒட்டிய காலத்தில் அதில் நம் பெயரைத் தேடவே நேரம் போதவில்லை. பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் அது செய்த ஆண்டு. அதற்கடுத்த மூன்று இலக்கம் 201 முதல் 400-க்குள் இருந்தால் ஸ்லீப்பர், 401-லிருந்து 600-க்குள் என்றால் முன்பதிவில்லாத பெட்டி. அது போக படுக்கை எத்தனை, எடை எவ்வளவு, எந்தப் பணிமனை எப்போது பி.ஓ.எச். என்ற முழுப் பராமரிப்பைச் செய்தது, அடுத்து எப்போது திரும்பி வர வேண்டும் எல்லாம் இருக்கும். பணிமனைக்கும் சுருக்கெழுத்து: பெரம்பூர் என்றால் ‘பி.இ.ஆர்.’, பொன்மலை என்றால் ‘ஜி.ஓ.சி.’ நிஜத்தில் அரையடி உயரமுள்ள எழுத்து என் பெட்டியில் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர். ஓர் அங்குல எழுத்து மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

கையால் எழுத முடியாது. டெக்கால் என்ற மெல்லிய படலத்தில் அச்சடித்து, தண்ணீரில் நனைத்து, நழுவவிட்டு ஒட்ட வேண்டும். அச்சடிப்பதில் ஒரு சிக்கல். ரயில்வே எழுத்துகளில் முக்கால்வாசி வெள்ளை அல்லது மஞ்சள். வீட்டு பிரின்டருக்கு வெள்ளை அடிக்கத் தெரியாது. வெள்ளை என்பது காகிதம் தன் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டிய சீர் என்று அது நினைக்கிறது. ஆல்ப்ஸ் என்ற ஜப்பான் நிறுவனம் வெள்ளை ரிப்பன் போட்டு அடிக்கும் பிரின்டர் ஒன்றைச் செய்துவந்தது. உலகத்து மாடல்காரர்களெல்லாம் அதைக் கொண்டாடியதைப் பார்த்தோ என்னவோ, நிறுத்திவிட்டார்கள்.

எனக்குக் கைகொடுத்தது கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரின்டிங் கடை. கடைக்காரர் என் டிசைனைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார், கடைசியில் பூதக்கண்ணாடி வாங்கிவரப் பையனை அனுப்பினார்.

“படுக்கை எழுபத்திரண்டா? லாட்ஜா சார்?”

“இல்லைங்க, ரயில் பெட்டி.”

“நீங்க ரயில்வேயா?”

“இல்லைங்க, இது வீட்டு உபயோகத்துக்கு.”

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டு உபயோகத்துக்கு 72 படுக்கை வேண்டியிருக்கும் குடும்பஸ்தனிடம் காட்ட வேண்டிய மரியாதை அந்தப் பார்வையில் இருந்தது. “பத்திரிகைன்னா குறைஞ்சது முந்நூறு காப்பி அடிப்போம்” என்றார். முந்நூறு ஸ்லீப்பர் கோச்சுக்கான எழுத்து இப்போது என் பீரோவில் இருக்கிறது. தெற்கே ஓடும் ராத்திரி வண்டிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பெயர் எழுத என்னால் ஆகும்.

பெட்டியாவது பரவாயில்லை. சரக்கு வேகனுக்கு 11 இலக்க எண். முதல் இரண்டு, வேகனின் வகை. அடுத்த இரண்டு, சொந்தக்கார ரயில்வே. தென்னக ரயில்வேக்கு 06. அடுத்த இரண்டு, செய்த ஆண்டு. பிறகு நான்கு, வரிசை எண். பதினொன்றாவது, சோதனை இலக்கம். இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்க வேண்டும். அதோடு ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டிச் சேர்க்க வேண்டும். வந்த தொகை அடுத்த பத்தைத் தொட எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கம். என் டேங்க் வேகனுக்கு 40 06 09 1234 என்று வைத்தேன். 63-ம் 8-ம் 71. எண்பதைத் தொட இன்னும் 9. ஆகவே கடைசியில் 9.

எனக்கு ஒரு நண்பர் உண்டு, எங்கே எண்ணைப் பார்த்தாலும் கூட்டிப் பார்ப்பவர். செல்போனை எடுத்துக் கணக்குப் போட்டார். முகம் சுண்டிப்போனது, சரியாக இருந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் சரி. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த வேளையில் மெதுவாகக் கேட்டார்: “நம்பர் இவ்வளவு கரெக்டா இருக்குன்னா, இதே நம்பர்ல நிஜமா ஒரு வேகன் எங்கேயோ ஓடிட்டிருக்குமே. அப்போ இது போலி நம்பர் பிளேட் கேஸ் இல்லையா?”

எழுத்து ஒட்டுவதற்கு முன் பெட்டிக்குப் பளபளப்பான வார்னிஷ் அடிக்க வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் படலத்துக்கு அடியில் காற்று சிக்கி, வெள்ளி பூத்ததுபோல் காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டி முடித்ததும் பளபளப்பு போக மேட் வார்னிஷ். அதுவும் காய்ந்த பிறகு அழுக்கு. ஆமாம், அழுக்கு. நம் ஊர் ரயில் புத்தம் புதிதாக நின்றால் யார் நம்புவார்கள்? கூரையில் தண்ணீர் நிரப்பும் இடத்திலிருந்து வழிந்த உப்புக்கறை, பிரேக் கட்டை தேய்ந்து சக்கரத்தருகே படிந்த துருத்தூள், ஜன்னலுக்குக் கீழே வெற்றிலைச் சாறு எல்லாம் வர வேண்டும். இதற்கென்றே தூசி, துரு, புகைக்கரி என்று தனித்தனி டப்பாவில் பொடி விற்கிறார்கள். வெளிநாட்டுச் சரக்கு. பார்சல் வந்த அன்று என் மனைவி பில்லைப் படித்தாள்.

“தூசியைக் காசு கொடுத்து வாங்கினீங்களா?”

“இது வெதரிங் பவுடர்.”

“முதல்ல பளபளப்பு, அப்புறம் மங்கல், அதுக்கு மேல அழுக்கு. ஆரம்பத்துலயே அழுக்காப் பண்ணியிருந்தா ஒரே கோட்டுல முடிஞ்சிருக்குமே? அந்தப் பெயிண்டை வாசல் கேட்டுக்கு அடிச்சிருந்தா அதுவாவது பொழைச்சிருக்கும்.”

கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. துரு எப்படி மூலையில் ஆரம்பித்து, பெயிண்டைத் தூக்கிக்கொண்டு, பழுப்பிலிருந்து ஆரஞ்சுக்குப் போகிறது என்று நான் பார்த்துப் பழகுவதே அந்தக் கேட்டில்தான். அதை அவளிடம் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை.

இத்தனை பாடுபட்டு நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: நிஜ ரயிலுக்குக் கோணலாக இருக்கும் உரிமை உண்டு, பொம்மை ரயிலுக்குக் கிடையாது. எழும்பூரில் ஒரு பெட்டியைப் போட்டோ எடுத்துவந்தேன். அதில் ஒரு கதவு மட்டும் வேறு நீலம், எங்கிருந்தோ கழற்றி மாட்டியது. பெட்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒரு சுற்று கீழே இறங்கியிருந்தது. இரண்டையும் அப்படியே என் பெட்டியில் கொண்டுவந்தேன். “கதவுக்குப் பெயிண்ட் தீந்துபோச்சா?” என்றார் கணக்கு நண்பர். போட்டோவைக் காட்டினேன். பார்த்துவிட்டு, “போட்டோவுல வெளிச்சம் சரியில்ல” என்றார். அச்சு அசலாகச் செய்தால் தப்பு என்கிறார்கள். திருத்திச் செய்தால் ரயில் மாதிரி இல்லை என்கிறார்கள். என் மாமனார்தான் ஆறுதல் சொன்னார்: “எங்க ஷாப்புல ஸ்டென்சில் லேசா நகந்துட்டாலும் வண்டி மதுரைக்குப் போய்ச் சேந்துடும் மாப்பிள்ளை. உங்க வண்டி எங்கேயும் போகலையே, அதான் எல்லாரும் படிக்கறாங்க.”

அவர் சொல்லிவிட்டு நிற்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் பூதக்கண்ணாடியையும் வாங்கிக்கொண்டு, பெட்டியின் ஒரு கோடியிலிருந்து படித்துக்கொண்டே வந்தார். பெரம்பூர் முத்திரையைக் கண்டதும் “நம்ம ஷாப்பு” என்றார். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கதவைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம் கிளம்பிற்று. அப்போது அவர் விரல் ஒரு இடத்தில் நின்றது. பெட்டி பணிமனைக்குத் திரும்ப வேண்டிய தேதி. போட்டோவில் இருந்ததை எழுத்து பிசகாமல் ஒட்டியிருந்தேன்.

“ஆர்.டி. தாண்டிடுச்சே மாப்பிள்ளை. பதினெட்டு மாசத்துக்கு ஒரு தடவை பி.ஓ.எச். பண்ணணும். இது 2013-லயே வந்திருக்க வேண்டிய பெட்டி. இதை லைன்ல விடக்கூடாது. சிக் லைன்ல தள்ளிட்டு, பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டிட்டு, முதல்லேருந்து அடிங்க.”

“மாமா, இது பொம்மை.”

“பொம்மைன்னா எதுக்குத் தேதி போட்டீங்க?”

சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, தன் அப்பாவிடம் சாக்பீஸைக் கொண்டுவந்து கொடுத்தாள். “அப்படியே வாசல் கேட்டுலயும் ஒரு ஆர்.டி. எழுதிடுங்கப்பா. அது அதுக்கும் முன்னாடியே தாண்டிடுச்சு. நீங்க எழுதினாத்தான் இவருக்குத் தெரியும்.”