கூப்பிடலாம், ஆனால்...

கேள்வி: போலீசால் சமாளிக்க முடியாவிட்டால் ராணுவத்தைக் கூப்பிடலாமா?

பதில்: வெள்ளம், பூகம்பம் என்றால் தாராளமாக. கலவரத்துக்கு மாஜிஸ்திரேட் அழைத்தாலும், 'குறைந்த பலத்தையே பயன்படுத்து' என்கிறது நம் சட்டம். ஏன் என்று புரிய, 1992 லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தைப் பாருங்கள். காம்ப்டனில் குடும்பத் தகராறு ஒன்றை விசாரிக்கப் போன போலீசார் மீது, வீட்டுக்குள்ளிருந்து ஷாட்கன் வெடித்தது. 'கவர் மீ!' என்று கத்தினார் ஒரு போலீஸ்காரர். 'குறிபார்த்துத் தயாராக நில்லுங்கள்' என்பது அவர் கணக்கு. கூடப்போன மரைன் வீரர்களுக்குக் கொடுத்த பயிற்சியோ வேறு: 200 ரவுண்டுக்கு மேல் பொழிந்துவிட்டார்கள்! உள்ளே குழந்தைகள் வேறு. நல்லவேளை, யார் மீதும் படவில்லை. குறி தவறியதற்காக ராணுவத்துக்கு மெடல் கொடுத்திருக்கலாம்.