வெள்ளிக்கிழமை எண்ணெய்

எண்பதுகளில் எங்கள் ஆங் மோ கியோ புளோக்கில் வெள்ளிக்கிழமை காலை என்றால் சீயக்காய் வாசம்தான். வெள்ளி பெண்களுக்கு, சனி ஆண்களுக்கு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அந்த நகரை 1973இல் கட்டத் தொடங்கியது. கம்பத்து வீட்டிலிருந்து அங்கே குடிவந்த அம்மா, வீட்டு வைத்தியத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். வாசல் நடையோரப் பூந்தொட்டியில் கரிசலாங்கண்ணி வளரும். இலையை இடித்துச் சாறு பிழிந்து, நல்லெண்ணெயில் ஊற்றிச் சிறுதீயில் காய்ச்சுவார். திரியில் தொட்டுக் கொளுத்தினால் படபடவென்று வெடிக்காமல் எரிய வேண்டும். அப்போதுதான் நீர் சுண்டிய பக்குவம். கண்ணுக்குத் தேக்கா சந்தையில் வாங்கிய பொன்னாங்கண்ணிக் கீரை.

முடி கொட்டினாலும் கண் மங்கினாலும் பாட்டிக்குக் காரணம் ஒன்றே: "சூடு ஏறிக் கிடக்குது." ஆயுர்வேதமும் முடி உதிர்வுக்குப் பித்தத்தைத்தான் முதலில் சொல்கிறது. ஆனால் கண்ணை அது அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுசுருத சம்ஹிதை 76 கண்நோய்களைப் பிரித்துக் கூறுகிறது. பார்வை படிப்படியாக மங்கும் திமிரத்துக்குத் தனி இடம் தருகிறது. அந்த நுணுக்கம் எங்கள் சமையலறைக்கு வந்து சேரவில்லை.

பாட்டிக்குப் பல வருடமாக இனிப்பு நீர். கண் மங்கியபோது வாரம் தவறாமல் எண்ணெய் வைத்தோம். கண் மருத்துவர் பார்க்கும்போது விழித்திரையில் இரத்தம் கசிந்து முடிந்திருந்தது. கடைசி வருடங்களில் எங்களைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார்.

இன்று சிராங்கூன் சாலையில் தைலங்கள் அழகான புட்டிகளில் வரிசையாக நிற்கின்றன. வழுக்கைக்குப் பரம்பரையும் ஹார்மோனும், முடி மெலிவுக்கு இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும் காரணமாக இருக்கலாம். எண்ணெய் முடியை மிருதுவாக்கும். வழுக்கையில் முளைக்க வைக்காது. முடி போனால் பரவாயில்லை என்பேன். உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும்: 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது.

கண் விஷயம் வேறு. எங்கள் கீழ்மாடி அண்ணனுக்கும் இனிப்பு நீர். பார்வை மங்கியதும் தர்ப்பணத்துக்குப் போனார். கண்ணைச் சுற்றி உளுந்து மாவால் கரை கட்டி, நெய் ஊற்றும் சிகிச்சை. "குளிர்ச்சியா இருக்குது தங்கச்சி" என்றார். குளிர்ச்சியாகத்தான் இருந்திருக்கும். பாட்டி காலத்தில் எங்களுக்கு எட்டாத விழித்திரைப் படம் இப்போது பலதுறை மருந்தகத்தில் சில நிமிட வேலை. 2016இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது. சீனர்களைவிட நமக்கு இந்த நோய் அதிகம் என்பதும் தெரிந்ததே. அண்ணனைக் கையைப் பிடித்து நானே அங்கே கூட்டிப்போனேன். படத்தில் கசிவு தெரிந்தது. உடனே கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை எண்ணெயை நான் விடவில்லை, நீங்களும் விட வேண்டாம். ஆனால் இனிப்பு நீர் இருந்தால், கண் தெளிவாகத் தெரிகிறபோதே ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் படம் எடுத்துவிடுங்கள். லேசரும் ஊசியும் இருக்கிற பார்வையைக் காப்பாற்றும். முற்றிலும் போனதைப் பெரும்பாலும் மீட்டுத் தராது.