உபரி அறைவாசி: தோற்றமும் வெளியேற்றமும்

1. வரையறை

வாடகை ஒப்பந்தத்தில் பெயரின்றி, அட்வான்ஸில் பங்கின்றி, வாடகை அறையொன்றில் நாள்தோறும் உறங்கி எழுபவர் உபரி அறைவாசி எனப்படுவார். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் முதல் பழைய மகாபலிபுரம் சாலை அடுக்ககங்கள் வரை, சென்னையில் பேச்சிலர்கள் வாழும் இடமெங்கும் இவ்வினம் காணப்படுகிறது. விருந்தாளி எப்போது கிளம்புவார் என்பது விருந்தாளிக்காவது தெரியும். உபரி அறைவாசி விஷயத்தில் அது யாருக்கும் தெரியாது.

2. வளர்ச்சிப் பருவங்கள்

"ரெண்டே நாள் மச்சான், இன்டர்வியூ முடிஞ்சதும் கிளம்பிடுவேன்" என்பதே பெரும்பாலும் தோற்றுவாய். அதன்பின் மூன்று பருவங்கள் உண்டு.

பை மூடிய பருவத்தில் அவர் பாயின் ஓரத்தில் படுப்பார், குளிக்கக் கடைசியாகப் போவார், டீ வாங்கித் தருவார். பை திறந்த பருவத்தில் அவரது லுங்கி கொடியில் நிரந்தர இடம் பிடிக்கும். பை பரண் ஏறிய பருவத்தில், மோட்டார் போடச் சொல்லி ஹவுஸ் ஓனரே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வெளியேற்றத்தை முதல் இரு பருவங்களுக்குள் தொடங்குவது நலம்.

3. சட்ட நிலை

1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைகள் சட்டம் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துக்குப் பொருந்திய ஒன்று. அதன் 52-ஆம் பிரிவின்படி உபரி அறைவாசி பெற்றிருப்பது வெறும் உரிமம். சொத்தில் அவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. குறித்த காலம் முடிந்தாலோ நிபந்தனை நிறைவேறினாலோ உரிமம் ரத்தானதாகக் கருதப்படும் என்கிறது 62-ஆம் பிரிவு. இதனால்தான் இன்டர்வியூ ஒருபோதும் முடிவதில்லை. எப்போதும் அடுத்த ரவுண்டு ஒன்று பாக்கியிருக்கும்.

உரிமம் பெற்றவர் அதை நம்பிச் செலவு செய்து நிலையான வேலை எதையேனும் செய்திருந்தால் உரிமத்தை ரத்து செய்ய இயலாது என்பது 60-ஆம் பிரிவு. சட்டை மாட்டச் சுவரில் அடித்த ஆணி நிலையான வேலையே. ஆனால் ஆணி வாங்கிய காசு இன்னொருவருடையது என்பதால் இவ்வாதம் நிற்காது.

4. வெளியேற்ற முறைகள்

குறிப்பு முறை: "ஊர்ல அம்மா தேடலையா?" என்று வினவுதல். ரத்தை உணர்த்தலாகவும் செய்யலாம் என 61-ஆம் பிரிவு இடமளிக்கிறது. எனினும் உபரி அறைவாசி இதை அக்கறையாக ஏற்று, அம்மாவின் உடல்நிலையை நள்ளிரவு வரை விவரிப்பார்.

பற்றாக்குறை முறை: வைஃபை கடவுச்சொல்லை மாற்றுதல், தோசை மாவு வாங்காதிருத்தல். முதலில் பட்டினி கிடப்பவர்கள் வாடகை கொடுப்பவர்களே.

ஓனர் முறை: "ஓனர் சத்தம் போடுறார்" எனல். பொய்யாக இருக்கும்வரை மட்டுமே இது பயன் தரும். ஓனர் மெய்யாகவே வந்தால் தலைகளை எண்ணுவார். எண்ணி முடித்ததும் எல்லாத் தலைகளுக்கும் வாடகை உயரும்.

ஷேர் முறை: மாத முடிவில் வாடகை, ஈபி பில், வாட்டர் கேன், கேஸ் ஆகியவற்றைப் பிரித்து, அவர் பெயரையும் சேர்த்து வாட்ஸ்அப் குழுவில் இடுதல். அறியப்பட்ட முறைகளில் இதுவே வலியது, இதுவே ஆபத்தானதும்கூட. அவர் பணத்தைக் கொடுத்துவிட்டால், தானும் வாடகைதாரர் என்று பேச அவருக்கு வழி பிறக்கும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பிலுள்ள வாடகைச் சட்டம், உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுவதைத் தடுக்கிறது. ஆகவே குற்றம் அறைவாசிகள் தலையில் விழும். ஷேரைக் கேட்க வேண்டும். அது கிடைத்துவிடக் கூடாது. தொகையை நிர்ணயிப்பதில் இந்த நுட்பம் தேவை.

5. விலக்கத்தக்கவை

பூட்டை மாற்றி, பையைப் படிக்கட்டில் வைப்பது தகாது. ரத்துக்குப் பின்னும், வெளியேறவும் பொருள்களை எடுத்துச் செல்லவும் நியாயமான அவகாசம் தரச் சொல்கிறது 63-ஆம் பிரிவு. வழக்கென்று வந்தால் வக்கீல் கட்டணத்திலும் உபரி அறைவாசிக்கு ஷேர் இராது.

6. நிறைவுக்கான அடையாளங்கள்

பை பரணிலிருந்து இறங்குதல், வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகுதல், சாவி திரும்புதல் ஆகிய மூன்றும் நிகழ்ந்தால் வெளியேற்றம் முற்றுப்பெறும். இவற்றுள் சாவியே முதன்மையானது. சாவி திரும்பாதவரை அவர் ஊருக்குப் போயிருப்பதாக மட்டுமே கொள்ள வேண்டும்.