ஒலியளவில் துவைதமும் அத்வைதமும்: இயர்பட்ஸ்–லேப்டாப் உறவு குறித்து ஒரு விசாரணை

ஆய்வின் எல்லையை முதலில் வகுத்துவிடுவோம். வயர் ஹெட்செட்டின் நடுவே இருக்கும் சின்னச் சக்கரத்தை உருட்டிச் சத்தம் வைப்பவர்கள் இக்கட்டுரைக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை இல்லாதவர்களை வைத்து முனைவர் பட்டம் வாங்க முடியாது. ப்ளூடூத் இயர்பட்ஸை லேப்டாப்போடு இணைத்துவிட்டு, "இதுல சவுண்டை எங்கப்பா குறைக்கிறது?" என்று தேடுகிற ஜீவன்களே நமது ஆய்வுப்பொருள்.

வால்யூம் எங்கே இருக்கிறது? திரையின் வலது கீழ் மூலையிலுள்ள ஸ்பீக்கர் படத்தைக் காட்டுவர் பாமரர். அது பொருந்தாது. யூடியூப்பில் பாட்டு ஓடுகிறது என்று கொள்க. யூடியூப்புக்குள் ஒரு கோடு இருக்கிறது. விண்டோஸின் வால்யூம் மிக்ஸரில் பிரவுசருக்கென்று இன்னொரு கோடு. மொத்த லேப்டாப்புக்கும் ஒன்று. கடைசியாகக் காதுக்குள் உட்கார்ந்திருக்கும் பட்ஸுக்கும் ஒன்று. இந்த நால்வரும் அரசு அலுவலகத்து மேசைகள்: வந்த தொகையைக் குறைத்து அனுப்ப எல்லாருக்கும் அதிகாரம் உண்டு, கூட்டி அனுப்ப ஒருவருக்கும் இல்லை. நூறு என்று காட்டினால் 'நான் கை வைக்கவில்லை' என்று பொருள், அவ்வளவே. ஆகவே வால்யூமைக் கூட்டுகிறேன் என்று நாம் சொல்வதெல்லாம் குறைத்ததைக் கொஞ்சம் குறைவாகக் குறைப்பதுதான். (விஎல்சி பிளேயர் மட்டும் 125 சதவீதம் வரை போகும். அங்கே உண்மையிலேயே கூட்டுகிறார்கள். பாட்டு சில சமயம் கரகரப்பதும் அதனால்தான்.) யூடியூப் கோட்டை என்றைக்கோ கால்வாசியில் விட்டுவிட்டு மறந்தவர், லேப்டாப்பை நூறுக்கு ஏற்றிவைத்துக்கொண்டு பட்ஸ் விற்ற கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதும் உண்டு.

லேப்டாப், பட்ஸ் என்ற கடைசி இரண்டு மேசைகளுக்கும் இடையே உள்ள உறவு என்ன என்பதில்தான் சான்றோர் பிரிகிறார்கள். லேப்டாப்பின் ஒலியளவு வேறு, பட்ஸின் ஒலியளவு வேறு, இரண்டும் ஒருநாளும் ஒன்றாகா என்பது துவைதிகள் கட்சி. இருப்பது ஒன்றே, திரையில் கோடு நகர்ந்தால் மாறுவது பட்ஸின் அளவே, பட்ஸைத் தடவினால் திரையிலுள்ள கோடும் தானே நகரும் என்பது அத்வைதிகள் கட்சி. ப்ளூடூத்தின் ஏவிஆர்சிபி என்ற விதித்தொகுப்பு, 1.4 ஆம் பதிப்பில் 'அப்சல்யூட் வால்யூம்' என்ற பெயரில் அத்வைதத்துக்கு இடம் கொடுத்தது. விண்டோஸ் 10 நெடுநாள் துவைதியாகவே இருந்து 2018 ஏப்ரல் அப்டேட்டில் மதம் மாறியது. மாற மனமில்லாதவர்களுக்காக ரெஜிஸ்ட்ரியின் பாதாளத்தில் 'டிஸேபிள் அப்சல்யூட் வால்யூம்' என்றொரு பதிவு உண்டு. அதில் ஒன்று என்று எழுதி லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தால் பழைய மதத்துக்குத் திரும்பலாம். ஆண்ட்ராய்டு போனிலும் இதே சாவி இருக்கிறது. ஆனால் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால்தான் அந்தக் கதவு திறக்கும். ஏன் ஏழு என்று கேட்பது மரபில் இல்லை.

அத்வைதத்தை விட்டு ஓடுகிறவர்கள் சொல்லும் காரணம் தத்துவத்தில் இல்லை, நடுராத்திரியில் இருக்கிறது. ஊர் அடங்கிய பிறகு படுக்கையில் சாய்ந்துகொண்டு ஒரு பழைய பாட்டைக் கேட்க நினைக்கிறார் ஒருவர். கீபோர்டில் ஒரு தட்டுக்கு இரண்டு வீதம் விண்டோஸ் குறைக்கிறது. இரண்டு என்று காட்டும்போதும் காதைத் துளைக்கிறது. இன்னொரு தட்டு, பூஜ்யம், பாட்டே இல்லை. அவருக்கு வேண்டிய சத்தம் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. விளக்கம் சொல்லலாம். விண்டோஸ் நூறு படிகளில் எண்ணுகிறது. ப்ளூடூத் அதை 0 முதல் 127 வரை மொழிபெயர்த்து அனுப்புகிறது. பட்ஸோ பெரும்பாலும் அதைவிடக் குறைந்த படிகளே வைத்திருக்கிறது. ஆகவே சில தட்டுகளுக்கு ஒன்றும் நடக்காது, அடுத்த தட்டுக்குத் தடாலென்று தாவும். காதும் ஒத்துழைப்பதில்லை. ஃபெக்னர் என்ற ஜெர்மானியர் 1860 இல் எழுதி வைத்தபடி, புலன்கள் வித்தியாசத்தை அல்ல, விகிதத்தையே கணக்கிடுகின்றன. பத்து டெசிபல் கூடினால்தான் சத்தம் ஏறக்குறைய இரட்டித்ததாகத் தோன்றும். அடிமட்டத்தில் வைக்கும் ஒரு படி மலை. உச்சியில் அதே படி மணல். துவைதி இங்கேதான் சிரிக்கிறார். பட்ஸை அதன் போக்கில் கீழே இறக்கிவைத்துவிட்டால், லேப்டாப்பின் நூறு படிகளும் அவருக்கு நுணுக்கமாக விளையாடக் கிடைக்கின்றன. ஆனால் அந்தப் பட்ஸில் சொந்தமாக வால்யூம் மாற்றும் வசதியே இல்லையென்றால், எந்த அளவில் நின்றதோ அந்த அளவில் நின்றதுதான். துவைதிகள் இதைப்பற்றி அதிகம் பேசுவதில்லை.

மூன்றாவது கட்சியான விசிஷ்டாத்வைதம் மீட்டிங் ஆரம்பித்ததும் வருகிறது. மைக்கைத் திறந்த கணத்தில் பட்ஸ் பாட்டு கேட்கும் முறையை விட்டுவிட்டு 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ' என்ற முறைக்குத் தாவுகிறது. ஸ்டீரியோ போய் மோனோ. சாம்பிளிங் 16 கிலோஹெர்ட்ஸ், பழைய பட்ஸானால் 8. இந்த முறைக்கு 0 முதல் 15 வரை தனி ஒலியளவு உண்டு; பாட்டுக்கு வைத்த அளவுக்கும் இதற்கும் பேச்சுவார்த்தை இல்லை. போதாததற்கு, யாரோ பேசுகிறார்கள் என்று விண்டோஸுக்குத் தெரிந்தால் மற்ற ஒலிகளைத் தன்னிச்சையாக 80 சதவீதம் தணித்துவிடும். பழைய கண்ட்ரோல் பேனலில், சவுண்டுக்குள் 'கம்யூனிகேஷன்ஸ்' என்ற கடைசி டேபில் இதை நிறுத்தலாம். அந்த டேபை வேறு காரியத்துக்காகத் திறந்தவர் இருப்பதாகத் தெரியவில்லை.

பட்ஸைத் தடவி வால்யூம் மாற்றும் கலையைச் சுருக்கமாக முடிக்கலாம். நழுவுகிற பட்ஸை அழுத்தி வைத்தால் அடுத்த பாட்டு வரும். அடுத்த பாட்டு வேண்டித் தட்டினால் பட்ஸ் நழுவும்.

இனி சமூகவியல். எதியென் லொம்பார் என்ற பிரெஞ்சு காது மருத்துவர், காதில் இரைச்சல் நிறைந்திருப்பவர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார் என்று 1911 இல் வெளியிட்டார். பட்ஸோடு வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களிடம் இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை.

"டேய், சோறு ஆறுதுடா."

"என்னம்மா?!"

"கத்தாதடா. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

இதில் எந்தக் கோட்டைக் குறைத்திருக்க வேண்டும் என்பதில் மூன்று மதத்தாருக்கும் கருத்தொற்றுமை இல்லை. இரண்டு பட்ஸில் ஒன்றைக் கழற்றினாலே போதும் என்பது அம்மாவின் கட்சி. அதற்கு இன்னும் எவரும் மறுப்புரை எழுதவில்லை.

புதிதாக வரும் எல்இ ஆடியோவில் ஒலியளவுக்கு 0 முதல் 255 வரை, ஆக 256 படிகள். நடுராத்திரிக்காரர்களுக்கு விமோசனம் வந்துவிட்டது என்று அத்வைதிகள் கொண்டாடுகிறார்கள். விண்டோஸ் கீபோர்டு மட்டும் இன்னும் இரண்டிரண்டாகத்தான் தாவிக்கொண்டிருக்கிறது.