கிடைத்தேய்வு: உறங்கும் கைபேசியில் சார்ஜ் இறங்குவது குறித்து ஓர் ஆராய்ச்சி

யாரும் தொடாமல், திரை அணைந்து, மேசைமேல் கிடக்கும் கைபேசியில் சார்ஜ் தானாக இறங்குவது கிடைத்தேய்வு எனப்படும். பயன்படுத்தும்போது இறங்குவது செலவு. அது இவ்வாராய்ச்சியின் எல்லைக்குள் வராது. மூன்று மணி நேரம் ரீல்ஸ் பார்த்து நாற்பது சதவீதம் போனதற்காக எவரும் சர்வீஸ் கடைப் படி ஏறியதில்லை. இரவு பதினொரு மணிக்கு 82 என்று பார்த்துவிட்டுப் படுத்தவர், காலை ஏழு மணிக்கு 67 என்று காணும்போதுதான் வீட்டில் விசாரணை தொடங்குகிறது. முதலில் சந்தேகிக்கப்படுபவர்கள் பிள்ளைகள். அவர்கள் உறங்கியது உறுதியானபின் பழி பேட்டரியின் மேல் விழுகிறது.

அளக்காமலேயே மருந்து சொல்வது இத்துறையின் பெருங்குறை. இன்று பரவலாகக் கிடைக்கும் 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் ஒரு சதவீதம் என்பது 50 மில்லி ஆம்பியர் மணி. எட்டு மணி நேரத்தில் 15 சதவீதம் இறங்கினால் 750 போயிற்று. அதாவது இரவு முழுவதும் சராசரியாக 94 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஓடியிருக்கிறது. நல்ல நிலையிலுள்ள கைபேசியில் இதே நேரத்தில் மூன்று முதல் ஐந்து சதவீதம் இறங்குவது இயல்பு. அதற்கும் கவலைப்படுபவருக்குத் தேவைப்படும் சிகிச்சை வேறு. லித்தியம் அயனி பேட்டரி எதோடும் இணைக்காமல் வைத்தாலும் தானே சிறிது இழக்கும். ஆனால் அது மாதத்துக்கே சில சதவீதம்தான், ஓர் இரவின் பங்கு கண்ணுக்குத் தெரியாது. சோனி நிறுவனம் 1991-இல் இவ்வகைப் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வழி வகுத்த குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவரும் 2019-இல் வேதியியல் நொபெல் பரிசு பெற்றனர். காணாமல்போன 15 சதவீதத்தில் இம்மூவருக்கும் பங்கில்லை என்பது இத்துடன் நிறுவப்படுகிறது.

இனி முன்னோர் கூற்று. “எங்க போன்ல ஒரு தடவை சார்ஜ் போட்டா ஒரு வாரம் நிக்கும்” என்பது அது. ஆய்வாளர்கள் பலர் இதை மிகை என்று ஒதுக்குகின்றனர், ஒதுக்கத் தகாது. 2003-இல் வந்த நோக்கியா 1100-இன் பேட்டரி 850 மில்லி ஆம்பியர் மணி. காத்திருப்பு நேரம் 400 மணி வரை என்று நிறுவனமே அறிவித்தது. வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஏறத்தாழ இரண்டு மில்லி ஆம்பியர் மணி. முன்னோர் ஒரு வாரம் என்றது அடக்கத்தினால் என்க. ஆனால் அக்கருவிக்கு இரவில் இருந்த கடமை ஒன்றே: டவர் கூப்பிடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பது. அதற்கு இணையம் இல்லை, இருப்பிடம் தெரியாது, எவருடைய பிறந்த நாளும் நினைவில் இல்லை.

இன்றைய கைபேசியும் அந்தப் பழைய கடமையை விடவில்லை. திரை அணைந்ததும் செயலி (பிராசசர்) உறங்கப் போகிறது. ரேடியோப் பகுதி மட்டும் 4ஜி வலையமைப்பில் பெரும்பாலும் 1.28 நொடிக்கு ஒருமுறை கண் விழித்து, தன்னை யாரேனும் அழைக்கிறார்களா என்று கேட்டுவிட்டு மீண்டும் உறங்குகிறது. திண்ணையில் படுத்திருக்கும் தாத்தா கதவு அசையும்போதெல்லாம் ‘யாரது’ என்பதை ஒத்தது இது. இரண்டு சிம் போட்டவர் வீட்டில் இரண்டு தாத்தாக்கள். சிக்னல் நன்றாக இருந்தால் இந்த விழிப்புக்குச் செலவு மிகக் குறைவு. சிக்னல் நலிந்த இடத்தில்தான் கதை மாறுகிறது. இருக்கும் டவர் கேட்காவிட்டால் வேறு டவர் தேட வேண்டும், ஓர் அலைவரிசையில் இல்லாவிட்டால் அடுத்ததில் தேட வேண்டும், கிடைத்ததும் ‘இங்கே இருக்கிறேன்’ என்று பதிந்துகொள்ள வேண்டும். தூரம் கூடக்கூடக் குரலும் உயர்கிறது. 4ஜி கைபேசி அதிகபட்சமாக 200 மில்லி வாட் திறனில் ஒலிபரப்பலாம். கான்கிரீட் தளத்துக்குக் கீழே நடு அறையிலோ, பத்திரமாக இருக்கட்டும் என்று இரும்பு பீரோவுக்குள்ளோ வைக்கப்படும் கைபேசி இரவெல்லாம் இந்தத் தேடலில் இருக்கும். எழும்பூரில் ஏறித் திருநெல்வேலியில் இறங்குபவரின் கைபேசி அவரைவிடக் குறைவாகவே உறங்குகிறது. பேட்டரிக் கணக்கில் ‘மொபைல் நெட்வொர்க்’ என்ற வரி மேலேறி நின்றால், ஆப் எதையும் நீக்குவதற்கு முன் கைபேசியை ஜன்னலோரம் மாற்றிவைத்துப் பார்ப்பது முறை. செலவில்லாத இந்தச் சிகிச்சைக்கு மதிப்புக் குறைவு என்பது வேறு விஷயம்.

அடுத்து ஆப்கள். செயலியை உறங்கவிடாமல் பிடித்துவைக்கும் உரிமை ஆப்களுக்கு உண்டு. பாட்டு ஓடும்போது அது தேவை. எழுதியவரின் கவனக்குறைவால் பிடித்த பிடியை விட மறக்கும் ஆப்பே நோய்க் கிருமி. இதை அடக்கவே 2015-இல் ஆண்ட்ராய்டு 6 ‘டோஸ்’ என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கைபேசி சார்ஜரில் இல்லாமல், அசையாமல், திரை அணைந்து சிறிது நேரம் கிடந்தால், ஆப்களின் இணையத் தொடர்பு நிறுத்தப்படும். அவற்றின் சில்லறை வேலைகளெல்லாம் ஒன்றுசேர்க்கப்பட்டு, இடைவிட்டு வரும் சிறு நேரங்களில் மட்டும் நடக்கும். அந்த இடைவெளியும் போகப்போக நீளும். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 ஆப்களை அவை பயன்படும் அளவைக் கொண்டு வகை பிரித்து, தொடப்படாதவற்றை மேலும் ஒடுக்கியது.

இவ்வளவு காவல் இருந்தும் களவு நடப்பது எப்படி? உடையவரே கதவைத் திறந்து வைப்பதால். ஆப் ஒன்று முதன்முதலில் திறந்ததும் ‘பின்னணியில் தடையின்றி இயங்க அனுமதிக்கவும்’ என்று கேட்கிறது. அடுத்த திரைக்குப் போகும் அவசரத்தில் ‘அனுமதி’ அழுத்தப்படுகிறது. அதே அவசரத்தில் இருப்பிடமும் ‘எப்போதும்’ என்று தரப்படுகிறது. தள்ளுபடி விலையில் ஒருமுறை பிரியாணி தந்த ஆப், ஆறு மாதம் கழித்தும் இருப்பிட அனுமதியோடு உள்ளே இருப்பதற்கு இதுவே காரணம்.

உடனடிச் செய்திகள் தனி இனம். அவை காவலைக் கடந்து வர அனுமதி பெற்றவை, ஏனெனில் தாமதமாக வந்தால் அவற்றுக்குப் பயனில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவின் காலை வணக்கமும் இந்தச் சிறப்பு வழியிலேயே வருகிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. சிறு தரவு வந்து முடிந்தபின்னும், இன்னும் வருமோ என்று ரேடியோ சில நொடிகள், சில வலையமைப்புகளில் பத்து நொடி வரை, முழு விழிப்பில் காத்திருக்கும். ஆகவே ஒரே மூச்சில் வரும் பத்துப் படங்களைவிட, நிமிடத்துக்கு ஒன்றாக வரும் பத்து வணக்கங்களுக்கு மின்செலவு கூடுதல். பெரியப்பா நாலரை மணிக்குத் தாமரைப் பூவோடு தொடங்கி, மற்றவர்கள் எழுந்த வரிசையில் ஒவ்வொருவராகப் பதில் வணக்கம் சொல்லும் குழு, மின்னியல் நோக்கில் மிக மோசமான வடிவமைப்பு. எல்லோரும் ஆறு மணிக்குச் சேர்ந்தே வணங்கினால் நாட்டுக்கு நல்லது.

காரணங்களைப் பற்றி வேறு கொள்கைகளும் வழங்குகின்றன. ‘வைரஸ் புகுந்துவிட்டது’ என்பது ஒன்று. அரிதாக உண்மை, பெரும்பாலும் சர்வீஸ் கடையின் முதல் வாக்கியம். அண்மையில் திறந்த ஆப்களை விரலால் தள்ளி மூடிவிட வேண்டும் என்பாரும் உளர். அது பொருந்தாது, மூடிய ஆப்பை மறுபடி அடியிலிருந்து எழுப்பக் கூடுதல் வேலை ஆகும். 2016-இல் ஆப்பிள் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகியும் ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாயிருந்த ஹிரோஷி லாக்ஹைமரும், வேறெதிலும் ஒத்துப்போகாவிட்டாலும், இப்பழக்கத்தால் பேட்டரி மிச்சமாகாது என்பதில் ஒத்துப்போயினர். ஆயினும் தள்ளுவோர் தள்ளிக்கொண்டே இருக்கின்றனர். அதில் வீடு பெருக்கிய நிறைவு இருக்கிறது. ‘பேட்டரியை மாத்திடு மச்சான்’ என்னும் கொள்கையில் பாதி உண்மை உண்டு. ஐயாயிரம் கொள்ளளவு தேய்ந்து நாலாயிரமான பேட்டரியில் அதே 750 மில்லி ஆம்பியர் மணி 15 சதவீதமாக அன்றி 19 சதவீதமாகத் தெரியும். புது பேட்டரி எண்ணை அழகாக்கும், கசிவை நிறுத்தாது.

நோய் நாடும் முறை எளிது. செட்டிங்ஸில் பேட்டரிப் பக்கத்தைத் திறந்து, திரை அணைந்திருந்த நேரத்தில் எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்று பார்ப்பது முதற்படி. வியப்புக்குரிய அளவில் மக்கள் இப்படியைத் தாண்டிச் சென்று, பேட்டரி காக்கும் ஆப் ஒன்றை நிறுவுகிறார்கள். அது இரவெல்லாம் விழித்திருந்து காக்கிறது. பட்டியலில் ‘கூகுள் பிளே சர்வீசஸ்’ முதலிடத்தில் இருந்தால் உடனே தண்டிக்கலாகாது. இருப்பிடம், செய்தி, ஒத்திசைவு என்று பிற ஆப்கள் கேட்ட வேலைகளை அதுவே செய்து கொடுக்கிறது. எழுதப்பட்ட பெயர் ஒன்று, தின்றவர் வேறு.

இரண்டாம் படி, ஓரிரவு ஏரோபிளேன் மோடு. அலாரம் அப்போதும் அடிக்கும். காலையில் ஓரிரு சதவீதமே இறங்கியிருந்தால் குற்றம் சிக்னலிலோ ஒத்திசைவிலோ. அடுத்த இரவு வைஃபையை மட்டும் திறந்து எது என்று பிரித்தறியலாம். பழைய அளவே இறங்கியிருந்தால் கருவிக்குள்ளேயே ஏதோ விழித்திருக்கிறது. இச்சோதனை தமிழ் வீடுகளில் நடைபெறுவது அரிது. “ராத்திரி அவசரத்துக்கு யாராவது கூப்பிட்டா?” என்ற தடைக்கு இதுவரை விடையில்லை. சோதனையின்போது இரண்டு மணிக்கு எழுந்து எண்ணைப் பார்ப்பதும் கூடாது. திரையை எரியவிடுவது தேய்வு அன்று, செலவு.

மூன்றாம் படி சேஃப் மோடு. இதில் கைபேசியோடு வந்த ஆப்கள் மட்டும் இயங்கும். தேய்வு நின்றுவிட்டால், தாமே நிறுவிய ஆப் ஒன்றே காரணம் என்பது துணிபு. கடைசியாக நிறுவியதிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் மிகப் பெரிய ஆப்பை முதலில் நீக்குகிறார்கள், அளவுக்கும் பசிக்கும் தொடர்பிருப்பதாக நம்பி.

எதுவும் பலிக்காதபோது ஃபேக்டரி ரீசெட். அதன்பின் கைபேசி ஆப்களை மீண்டும் இறக்கும், ஒளிப்படங்களைப் புரட்டி அடையாளம் காணும், எல்லாவற்றையும் அட்டவணைப்படுத்தும்; அதனால் முதல் ஓரிரண்டு இரவுகளில் தேய்வு முன்னைவிட மிகும். பெரிய மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகும் இதே நிலைதான். அந்த இரவுகளின் எண்கள் கணக்கில் சேரா. பழைய பேக்கப்பை அப்படியே மீட்டவருக்கு அந்தப் பிரியாணி ஆப்பும் திரும்பி வந்து, மறுபடி அனுமதி கேட்கும்.