பேப்பர் போடுகிறவர்

இணைப் பேராசிரியர் ஒருவர் திடீரென்று பி.ஜி. மாணவர்களிடம் அன்பாகப் பேச ஆரம்பித்தால், புரமோஷன் பட்டியல் தயாராகிறது என்று தெரிந்துகொள்ளலாம். நேற்றுவரை ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட்டைத் தூக்கி எறிந்தவர் இன்றைக்கு, "சாப்டியாம்மா? தீசிஸ் எந்த மட்டுல இருக்கு?" என்கிறார். முதல் கேள்வி மரியாதைக்கு. இரண்டாவதுதான் விஷயம். எந்த மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும் துறைக்கு ஒருவராக இவரைப் பார்க்கலாம். பொது மருத்துவத் துறையில் இருப்பவரை இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அவர் நல்ல வைத்தியர். ஸ்டெத்தை வைத்த மாத்திரத்தில் எந்த வால்வில் கோளாறு என்று சொல்லிவிடுவார். திங்கட்கிழமை ஓ.பி.யில் கூட்டம் வாசலைத் தாண்டி நின்றாலும் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் இதற்கெல்லாம் புரமோஷன் கோப்பில் இடம் கிடையாது. கோப்பு கேட்பது கட்டுரை. அதைத்தான் அவர் "பேப்பர் போடுவது" என்கிறார். எழுதுவது என்று சொல்வதில்லை. அந்த வகையில் நேர்மையானவர்.

2015 செப்டம்பரில் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒரு விளக்கம் வெளியிட்டது. அசல் ஆய்வுக் கட்டுரைக்குத்தான் புரமோஷனில் மதிப்பு, கேஸ் ரிப்போர்ட் செல்லாது, முதல் பெயரோ இரண்டாம் பெயரோ உங்களுடையதாக இருந்தால்தான் கணக்கு என்றது. அதுவரை கண்ணில் பட்டதையெல்லாம் "அரிதிலும் அரிதான நோய்" என்று எழுதிக்கொண்டிருந்தவர், மறுநாளே அசல் ஆய்வாளராகிவிட்டார். இரண்டு இடத்துக்கு ஏழு பேர் போட்டியிட்டதில் துறையில் பல நட்புகள் முறிந்தன. 2020 பிப்ரவரியில் விதி தளர்ந்து, முதல் மூன்று பெயர்களும் இதழோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்பவரும் கணக்கில் சேர்ந்தார்கள். பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கியது. இன்றைக்கு அவர் போடும் பேப்பரின் பெயர் வரிசை கல்யாணப் பத்திரிகைபோல இருக்கிறது. குலதெய்வம் இருக்க வேண்டிய உச்சியில் துறைத் தலைவர், தாய்மாமன் முறைக்கு டீன், கடைசியில் பொடி எழுத்தில் "மற்றும் சுற்றத்தார்" வரிசையில், நோயாளியைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆளான பி.ஜி. பெண்.

ஒரு கட்டுரைக்கு யாரெல்லாம் ஆசிரியர் ஆகலாம் என்பதற்கு மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் சேர்ந்து வேண்டும். நம்மவர் மூன்றாவதை ஒரு குறையும் வைக்காமல் நிறைவேற்றுகிறார். வாட்ஸ்அப்பில் கட்டுரை வந்து விழுந்த அரை நிமிடத்தில் அவருடைய கட்டைவிரல் உயர்ந்துவிடும்.

விதி தெரியாத அப்பாவி என்று நினைத்துவிடக் கூடாது. சென்னையில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஆன்லைனில் நடத்தும் அடிப்படை ஆராய்ச்சிப் படிப்பை அவர் முடித்திருக்கிறார். வீடியோக்களை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக்கொண்டே டிபன் சாப்பிட்டாலும், பரீட்சையில் நல்ல மதிப்பெண். சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். மருந்து ஆய்வில் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரிக்கும்போது அடுத்த ஆள் எந்தக் குழுவுக்குப் போவார் என்பது டாக்டருக்கே தெரியக் கூடாது என்று ஒன்றரை மணி நேரம் பாடம் எடுப்பார். "1995லயே ஷுல்ஸ்னு ஒருத்தர் 250 ட்ரயலை எடுத்துப் பார்த்தாரு. ஒதுக்கீட்டை ஒழுங்கா மறைக்காத ஆய்வுகள்ல மருந்தோட பலன் 41 சதவீதம் ஊதிப் பெருசாத் தெரிஞ்சுது. கவனிச்சுக்கோங்க, பரீட்சைக்கு வரும்" என்பார்.

பரீட்சைக்கு வருவது வார்டுக்கும் வர வேண்டும் என்று கட்டாயமில்லையே. அவருடைய துறையில் சர்க்கரை நோய்க்கான இரண்டு மாத்திரைகளை ஒப்பிட்டு ஒரு தீசிஸ் நடந்தது. அறுபது நோயாளிகள், பக்கத்துக்கு முப்பது. ஏன் அறுபது? போன வருடத் தீசிஸிலும் அறுபதுதான். ஓ.பி. சீட்டு எண் ஒற்றைப்படையானால் புது மாத்திரை, இரட்டைப்படையானால் பழையது. சீட்டு எண் எல்லார் கண்ணுக்கும் தெரியும். ரத்த சர்க்கரை நானூறைத் தொட்ட பெரியவர் ஒற்றைப்படைச் சீட்டோடு வந்து நின்றால், "ஐயா, அந்தக் கியூவுல போய் வேற சீட்டு வாங்கிட்டு வாங்க" என்று ஹவுஸ் சர்ஜன் கருணையோடு வழிகாட்டுவார். கட்டுரையில் இது "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்பட்டனர்" என்று அச்சாகிறது.

ஆய்வை முன்கூட்டிப் பதிவு செய்யவும் ஓர் இடம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007இல் தொடங்கியது. ஆய்வு முடிந்த பிறகும் பதிவு செய்துகொள்ளும் வசதி ஒரு காலத்தில் இருந்தது. 2018 ஏப்ரல் 1இலிருந்து, முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிய வேண்டும் என்றாகிவிட்டது. அதனால் நம்மவர் "நோயாளிகள் சேர்ப்பு இன்னும் தொடங்கவில்லை" என்று படிவத்தில் நிரப்பும்போது, அறுபது பேரின் மாஸ்டர் சார்ட்டும் அவர் மேஜை டிராயரில் சத்தமில்லாமல் படுத்திருக்கும்.

அந்த மாஸ்டர் சார்ட் ஒருநாள் சமூக மருத்துவத் துறையின் புள்ளியியல்காரரிடம் போகிறது.

"சார், பி வேல்யூ 0.11 வருது. ரெண்டு மாத்திரைக்கும் வித்தியாசம் இருக்குன்னு சொல்ல முடியாது."

"வேற டெஸ்ட் போட்டுப் பாருங்க."

"எந்த டெஸ்ட் போட்டாலும் அதுதான் சார்."

"ஆம்பளைங்கள மட்டும் எடுத்துப் பாருங்க. அம்பது வயசுக்கு மேல பாருங்க."

"வித்தியாசம் தெரியலைன்னு எழுதினாலும் அது ஒரு முடிவுதானே சார்?"

"அத எவன் போடுவான்?"

கடைசியில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, உடல் பருமனில்லாத, புகை பிடிக்காத ஆண்களில் 0.04 வந்தது. எண்ணிப் பார்த்தால் பதினோரு பேர். ஆய்வின் தலைப்பு அன்று மாலையே மாறியது.

அடுத்தது கன்சார்ட். மருத்துவ ஆய்வைப் பற்றி எழுதும்போது எதையெல்லாம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று 1996இல் வகுத்த பட்டியல் அது. 2010 பதிப்பில் 25 அம்சங்கள், 2025 பதிப்பில் 30. மருந்தாய்வுக்கு அது, நோயாளிகளைக் கவனித்து எழுதும் ஆய்வுக்கு ஸ்ட்ரோப், பல ஆய்வுகளைத் தொகுத்து அலசுவதற்குப் பிரிஸ்மா, கேஸ் ரிப்போர்ட்டுக்குக் கேர். ஒவ்வோர் அம்சமும் கட்டுரையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஓர் அட்டவணையில் நிரப்பித் தர வேண்டும். நம்மவர் பி.ஜி. பெண்ணுக்கு ஒரு சூட்சுமம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: "எல்லாத்துக்கும் நாலாம் பக்கம்னு போடும்மா. நாலாம் பக்கம் வரைக்கும் எவனும் படிக்க மாட்டான்."

கன்சார்ட் ஒரு படமும் கேட்கும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேரைச் சேர்த்தீர்கள், நடுவில் எத்தனை பேர் நின்றுபோனார்கள், கடைசிக் கணக்கில் எத்தனை பேர் என்று கட்டம் கட்டமாகக் காட்ட வேண்டும். நம்மவர் படத்தில் அறுபது பேர் நுழைகிறார்கள், அறுபது பேரும் வெளியே வருகிறார்கள். நடுவில் ஒருவர்கூட ஊருக்குப் போகவில்லை. பொங்கலுக்குப் போகவில்லை, நாற்று நடப் போகவில்லை, திருப்பூர் கம்பெனியில் வேலை கிடைத்துப் போகவில்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் நாட்டு மருந்துக்கு மாறியவர் கிடையாது. ஓ.பி.யில் ரிவியூவுக்கு வரச் சொன்னவர்களில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை என்று தினமும் புலம்புகிறவர் இதே டாக்டர்தான். ஆய்வு என்று வந்துவிட்டால் மட்டும் நோயாளிகளுக்கு அப்படியொரு விசுவாசம் பிறந்துவிடுகிறது.

இதழ் தேடி அவர் அலைவதில்லை. இதழ்களே அவரைத் தேடி வருகின்றன. தினமும் காலையில் மின்னஞ்சலைத் திறந்தால் "பெருமதிப்புக்குரிய பேராசிரியரே, தங்கள் மேலான படைப்புக்காகக் காத்திருக்கிறோம்" என்று நாலு கடிதம் இருக்கும். கல்லூரியில் இணைப் பேராசிரியராக வைத்திருப்பவரை அங்கே ஏற்கெனவே பேராசிரியர் ஆக்கிவிட்டார்கள். பணம் கட்டினால் மூன்றே நாளில் நிபுணர் மதிப்பாய்வும் முடிந்துவிடும். 2013இல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்து ஒரு போலிப் புற்றுநோய்க் கட்டுரை தயாரித்து, கட்டணம் வாங்கும் 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அனுப்பிய இதழ்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு முகவரி இந்தியா. இதைக் கேட்டு நம்மவர் வருத்தப்படவில்லை. "மிச்ச 147 எதுன்னு லிஸ்ட் இருக்கா? அதுக்கு அனுப்பாம இருக்கலாம்" என்றார்.

நெருக்கிப் பிடித்தால் அவரிடம் ஆதாரத்தோடு பதில் இருக்கிறது. "பெரிய இடம் மட்டும் யோக்கியமா? ஆக்ஸ்ஃபோர்டுல கோல்டேக்கர் குழு, உச்சாணிக் கொம்புல இருக்கிற அஞ்சு இதழ்கள்ல வந்த 67 ட்ரயலை நோண்டிப் பார்த்தாங்க. முன்கூட்டி எதை அளப்போம்னு சொன்னாங்களோ அதை அப்படியே சொன்னது வெறும் ஒன்பதுதான். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்காரங்க எட்டுத் தப்பை வேணும்னே சொருகி நிபுணர்களுக்கு அனுப்பினாங்க. சராசரியா ரெண்டைத்தான் கண்டுபிடிச்சாங்க. 1998ல வந்துச்சு, படிச்சுப் பாருங்க." எல்லாம் உண்மை. அந்த ஆய்வுகள் திருந்துவதற்காகச் செய்யப்பட்டவை. இவர் கையில் அவை முன்ஜாமீன் மனு.

அதே மனிதர் அடுத்தவர் கட்டுரைக்கு மதிப்பாய்வாளராக உட்கார்ந்தால் வேறு ஆள். "மாதிரி அளவை எப்படிக் கணக்கிட்டீர்கள்? குழு ஒதுக்கீட்டுச் சீட்டு வைத்த உறைகளை ஒளி ஊடுருவாதபடி ஒட்டினீர்களா? இடையில் விலகியவர்கள் எங்கே?" என்று இரண்டு பக்கத்துக்குக் கேள்வி எழுதி நிராகரித்துவிடுவார். எழுத்து எழுத்தாகச் சரியான கேள்விகள்.

வருடா வருடம் முதலாண்டு பி.ஜி.க்களுக்கு அவர் எடுக்கும் வகுப்பில் ஒரு ஸ்லைடு உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், ஏழை நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு வீட்டிலும் பாதிப் பேருக்கு சானடோரியத்திலும் வைத்தியம் பார்த்தார்கள். நெருக்கடியான வீடு, சத்தில்லாத சாப்பாடு என்று எல்லாம் பாதகமாக இருந்தும் வீட்டு வைத்தியம் சளைக்கவில்லை. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த அந்தக் கட்டுரை, காசநோயாளியை மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் அடைத்து வைக்கும் வழக்கத்தை உலகம் முழுக்கக் கேள்விக்குள்ளாக்கியது. "நம்ம மெட்ராஸ்ல, கன்சார்ட் பொறக்குறதுக்கு முப்பத்தேழு வருஷம் முன்னாடி!" என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். நடிப்பில்லை. ஸ்லைடு மாறியதும் சரியாகிவிடும்.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டில் இந்தியாவின் 579 மருத்துவக் கல்வி நிறுவனங்களில் 332இலிருந்து ஒரு கட்டுரைகூட வரவில்லை என்று சமீரன் நந்தியும் அவர் சகாக்களும் 2016இல் கணக்குக் காட்டினார்கள். அதைப் படித்தவர்களுக்கெல்லாம் எண்ணிக்கையைக் கூட்டத்தான் தோன்றியது. கன்சார்ட்டை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவரான டக் ஆல்ட்மன், ஆய்வு குறையட்டும், தரம் கூடட்டும், சரியான காரணத்துக்காக நடக்கட்டும் என்று 1994லேயே மன்றாடியிருந்தார். ஆனால் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் கையில் இருப்பது எண்ணும் படிவம். படிக்கும் படிவம் இன்னும் அச்சாகவில்லை.

போன மாதம் மருந்து கம்பெனி ரெப் ஒருவர் அவர் அறைக்கு வந்தார். டாக்டருக்கே இப்போது சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று கேள்விப்பட்டு, சாம்பிள் மாத்திரையும் பளபளக்கும் ரீபிரின்ட் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். தான் விழுங்கப்போகும் மாத்திரை என்றதும் நம்மவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராக நாலாம் பக்கத்துக்குப் போனார்.

"என்னப்பா இது, அறுபது பேரும் கடைசிவரைக்கும் வந்தாங்களா? ஒருத்தர்கூட விடலையா?"

"அப்படித்தான் சார் போட்டிருக்கு."

"பலன் யாருக்குத் தெரிஞ்சுது? பதினோரு ஆம்பளைக்கு. இத வச்சு நான் மாத்திரை போடணுமா? எந்த முட்டாள் எழுதினான் இத?"

ரெப் தயங்கித் தயங்கி முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "சார்... மூணாவது பேர் உங்களுதுதான் சார்."

நம்மவர் உற்றுப் பார்த்தார். இனிஷியலைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். அதற்கு இதழாசிரியருக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று குறித்துக்கொண்டார். சாம்பிள் மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ரீபிரின்ட்டை மட்டும் புரமோஷன் கோப்புக்காகப் பத்துக் காப்பி கேட்டு வாங்கிக்கொண்டார்.