கடதாசிப்பூவுக்குப் பிறை தெரியாது

கேள்வி: ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மதிலை மூடிப் பூத்த கடதாசிப்பூ, நோன்புப் பெருநாளைக்கு ஒரு மொட்டும் வைக்கவில்லையே? (மருதமுனை)

பதில்: ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. பெருநாள் ஊர்ந்துகொண்டே போகும். பருவம் நின்ற இடத்தில் நிற்கும். பிரேசிலில் இருந்து வந்த போகன்வில்லா பார்ப்பதெல்லாம் இரவின் நீளமும் வேரின் ஈரமும்தான். நீண்ட இரவும் காய்ந்த மண்ணும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். கல்முனைக் கரையிலோ இரண்டும் சேருவதில்லை: இரவு நீளும் டிசம்பரில்தான் மாரி கொட்டுகிறது. இங்கே ஆண்டின் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஆகவே பெரும்பாலும் ஈரம் சொன்னதே சட்டம்: மழைக்குக் குருத்து, கச்சான் வீசி வேர் காய்ந்தால் பூ. அந்த ஊதா நிறமும் பூ அல்ல, பூவைச் சூழ்ந்த இலை. உண்மையான பூ நடுவே வெள்ளையாக, மும்மூன்றாக, புகழ்வார் இல்லாமல் இருக்கிறது.

கேள்வி: தெருவிளக்கடியில் நிற்கும் பாயின்செட்டியா மட்டும் சிவக்கவில்லை, ஏன்? (அக்கரைப்பற்று)

பதில்: செடிகள் நாளின் நீளத்தை அளக்கின்றன என்று கார்னர், அல்லார்ட் என்ற இரு அமெரிக்கர்கள் 1920இல் எழுதினார்கள். பாயின்செட்டியா எண்ணுவது இடையறாத இருட்டை. விளக்கெரிந்தால் எண்ணிக்கை குழம்பும். மின்வெட்டை வரவேற்கும் ஒரே குடியிருப்பாளர்.

கேள்வி: வயலுக்கு வாங்கிய யூரியா மிச்சம். பூமரத்துக்குப் போடலாமா? (சம்மாந்துறை)

பதில்: இலை வியாபாரம் செய்வதாக இருந்தால்.

கேள்வி: செவ்வரத்தை எப்போது பூக்கும்? (நிந்தவூர்)

பதில்: இன்று. நாளைக்கு வேறு பூ.

கேள்வி: எக்சோரா வேலியைக் கிழமைக்கொரு தடவை கத்தரித்தும் பூவில்லை. (கல்முனை)

பதில்: ‘கத்தரித்தும்’ அல்ல, ‘கத்தரிப்பதால்’. எக்சோரா பூங்கொத்து வைப்பது கொப்பின் நுனியில். நுனியில் சுரக்கும் ஆக்சின், பக்கமொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனி போனதும் அவை ஒன்றாக வெடித்துக் கிளம்பும். முற்றிப் பூப்பதற்குள் அடுத்த வெள்ளிக்கிழமையும் கத்தரியும் வந்துவிடும். வேலி சலூனில் இருந்து வந்த மாப்பிள்ளை போலிருக்கும், பூ மட்டும் இராது. இதற்கும் யூரியா மருந்தல்ல.

கேள்வி: உம்மா மவுத்தான பின் அவர் நட்ட மல்லிகை பூப்பதில்லை. செடிக்கும் கவலை உண்டா? (சாய்ந்தமருது)

பதில்: கவலைப்படச் செடிக்குத் தெரியாது. ஆனால் அவர் கொப்பு ஒடித்ததும், மேலே நிழல் கவியாமல் பார்த்ததும் நின்றுபோயிருக்கும். மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். பழைய கொப்பு வெறும் விறகு. மாரி ஓய்ந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மிஞ்சிய இலைகளை உருவி, வெயில் படவிட்டால் தளிர் வரும். வெயில் ஏறும் மாதங்களில் அந்தத் தளிர் மொட்டு வைக்கும்.